கடினபந்து வீசும் கை: நோகும் இடத்தைப் பார்த்துப் பிடியைத் திருத்தும் வழி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்பாலான பிள்ளைகள் மென்பந்து கிரிக்கெட்டில்தான் வீசப் பழகுகிறார்கள். மென்பந்து ஆட்டத்துக்குப் பாவிக்கும் டென்னிஸ் பந்தின் நிறை 56 முதல் 59.4 கிராம். ஆண்களுக்கான கடினபந்து 155.9 முதல் 163 கிராம். நிறை இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது, பருமனும் சற்றுக் கூடுகிறது, அதோடு விரலை அறுக்கும் தையலும் சேர்ந்துகொள்கிறது. கை மட்டும் பழைய கைதான். பதினைந்து வயதுக்குட்பட்ட அணிக்கு வந்த புதிதில் விரல் கிழிந்து கட்டுப்போட்டுத் திரியும் பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் இருப்பதற்கு இதுவே காரணம்.

விரல் புண்ணுக்கு மருந்து தேடுமுன், அது விரலின் எந்தப் பக்கத்தில், எந்த மூட்டுக்கு அருகில் வந்திருக்கிறது என்று பாருங்கள். பிடியில் எங்கே பிழை என்பதை அந்த இடமே சொல்லிவிடும். பிடியைத் திருத்தாமல் தோலை மட்டும் ஆற்றினால், அடுத்த ஆட்டத்தில் அதே இடம் மறுபடி பிளக்கும்.

முதலில் பந்தின் அளவு

கிரிக்கெட் சட்டங்களின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு மூன்று அளவுகளைத் தந்தது. ஆண்களுக்கு மேலே சொன்ன நிறையும் 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றர் சுற்றளவும். பெண்களுக்கு 140 முதல் 151 கிராம், 21 முதல் 22.5 சென்ரிமீற்றர். பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம், 20.5 முதல் 22 சென்ரிமீற்றர்.

இருக்கிற பந்தைக் கொண்டு பழகுவதுதான் நம் பக்கத்து வழக்கம். பெண் பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கும் பெரியவர்களின் பந்தையே கொடுத்துவிடுகிறார்கள். பந்து கைக்குப் பெரிதானால் விரல் நுனியில் நிற்காமல் உள்ளங்கைக்குள் இறங்கும். அதைத் தடுக்கப் பிள்ளை அழுத்திப் பிடிக்கும். கீழே வரும் பாதிக் குறைகள் அந்த அழுத்தத்தில்தான் தொடங்குகின்றன.

ஒரு தையல்நாடாவைப் பந்தின் நடுத் தையல்மேல் சுற்றினால் சுற்றளவு தெரிந்துவிடும். பிறகு வேகப்பந்துப் பிடியில் பந்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்: சுட்டுவிரலும் நடுவிரலும் தையலின் இரு பக்கமும், பெருவிரல் அடியில், மோதிரவிரல் மடங்கி ஓரத்தில். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் கவட்டைப் பாருங்கள். அந்தக் கவட்டுக்கும் பந்துக்கும் நடுவே மற்றக் கையின் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஒன்று பிடி ஆழம், இல்லாவிட்டால் பந்து பெரிது. பிடியை மேலே ஏற்றியும் இடைவெளி வராவிட்டால் சிறிய பந்தைத் தேடிக்கொடுங்கள். அந்தக் கைக்கு வேறு வைத்தியம் கிடையாது.

சுண்ணக்கட்டிச் சோதனை

பழைய பந்தின் தையல் முழுதும் கரும்பலகைச் சுண்ணக்கட்டியைத் தேயுங்கள். கையை நன்றாகத் துடைத்து, வழமையான பிடியில் பிடித்து, ஆறு பந்துகள் வீசுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்பு சுண்ணம் மறுபடி தேய்க்க வேண்டும். ஆறும் முடிந்ததும் விரல்களைப் படமெடுத்து வையுங்கள். வெள்ளைத் தடம் எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்கேதான் தையல் உரசுகிறது. புண் வருமுன்னே இதைச் செய்தால் புண் எங்கே வரப்போகிறது என்றும் தெரியும். பயிற்றுநர்கள் பருவம் தொடங்கும்போது எல்லாப் பந்துவீச்சாளருக்கும் இதை ஒருமுறை செய்துவிட வேண்டும்; அரை மணித்தியாலம் போதும்.

வேகப்பந்து வீச்சாளரின் விரல் நுனியில் கொப்புளம்

நடுவிரல் நீளமானது; பந்தை அதிகமாகக் கடைசியில் விடுவதும் அதுதான். ஆகவே அதன் நுனி சிவப்பது இயல்பு. கொப்புளம் எழுவது இயல்பல்ல.

இரண்டு நுனியிலும் கொப்புளம் வந்தால் பிடி இறுக்கம். இதைச் சோதிக்க, நண்பன் ஒருவன் முன்னால் நின்று பந்தை இழுத்துப் பார்க்கட்டும். மெதுவாக இழுத்தாலே கழன்று வர வேண்டும். கையோடு சேர்ந்து ஆளையே இழுக்க வேண்டியிருந்தால் அளவுக்கு மீறிய இறுக்கம். ஓடிவரும்போது சரியாகப் பிடித்து, பாயும் நேரத்தில் இறுக்குகிறவர்களும் உண்டு. அவர்களை நின்ற இடத்திலிருந்து வீசச் செய்து, பிறகு மூன்று எட்டு, பிறகு அரை ஓட்டம் என்று கூட்டிக்கொண்டு போனால் எந்தக் கட்டத்தில் இறுக்கம் வருகிறது என்று பிடிபடும்.

சுட்டுவிரலில் மட்டும் கொப்புளம் என்றால் விடும்போது மணிக்கட்டு பக்கமாகச் சரிகிறது. பந்து இரண்டு விரலிலிருந்தும் ஒன்றாக விடுபடாமல் சுட்டுவிரலை உரசி உருண்டு போகிறது. உறுதிப்படுத்த, பழைய பந்தின் ஒரு பாதிக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து வீசிப் பாருங்கள். தையல் நிமிர்ந்து போனால் இரண்டு நிறமும் தனித்தனியே தெரியும். மணிக்கட்டு சரிந்தால் நிறங்கள் கலங்கித் தெரியும். இதைத் திருத்துவது விரலின் வேலையல்ல, மணிக்கட்டை நேரே நிறுத்தும் பயிற்சியின் வேலை.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. வாரம் முழுதும் தையல் அமுங்கிய பழைய பந்தில் பயிற்சி, சனிக்கிழமை புதுப்பந்து. புதுத் தையல் எழும்பி நிற்கும், விரலுக்கு அது புதிது. ஆட்டத்துக்கு முந்திய இரண்டு பயிற்சிகளிலாவது தையல் எழும்பிய பந்தில் இரண்டு மூன்று ஓவர்கள் வீசிவிட வேண்டும்.

கொப்புளம் சிறிதென்றால் தொடாமல் விடுங்கள். பெரிதாகி விம்மினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பொதி பிரிக்காத மருத்துவ ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விட்டு, மேல்தோலை அப்படியே படியவிடுங்கள். தோலை உரித்தெடுப்பவர்கள் ஒரு கிழமையில் ஆறுவதை மூன்று கிழமைக்கு இழுக்கிறார்கள்.

சுழற்பந்து வீச்சாளரின் சுட்டுவிரல் பிளக்கிறது

நம்மிடம் அதிகம் காணும் குறை இதுதான், அதிகம் கெடுத்துக்கொள்வதும் இதைத்தான்.

ஓஃப் ஸ்பின்னிலும் இடதுகை சுழலிலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே விரிந்து நிற்கும். நுனி மூட்டுகள் தையல்மேல் இருக்கும். பந்தைச் சுழற்றுவது சுட்டுவிரல். எனவே சுட்டுவிரலில், நடுவிரலைப் பார்த்த பக்கத்தில், நுனி மூட்டை அண்டிய தோல்தான் தையலின் முழு உரசலையும் வாங்குகிறது. அங்கே காய்ப்பு விழ வேண்டும். காய்ப்பில்லாத விரலால் நாள் முழுதும் சுழற்ற முடியாது. ஆனால் காய்ப்பு மேடாகிவிட்டால் வளைய மாட்டாது, விரலோ வளைந்தாக வேண்டும். மேட்டின் ஓரத்தில், கெட்டித் தோலும் மென்தோலும் சந்திக்கும் கோட்டில், அது வெடிக்கும். மழையில்லாத மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது தோல் மேலும் காய்ந்து வெடிப்பு கூடும். நாள் முழுதும் சீமெந்து வேலையோ உப்புநீரில் வலைவேலையோ செய்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

காய்ப்பைப் பேணும் முறை: கிழமைக்கு இரண்டு தடவை, இரவில், கையை இளஞ்சூட்டு நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவையுங்கள். துடைத்துவிட்டு நகம் அராவும் அரத்தால் அல்லது மெல்லிய அரத்தாளால் ஒரே திசையில் தேயுங்கள். மற்றக் கையின் விரலால் தடவும்போது மேடு தட்டக்கூடாது, ஆனால் தோல் கெட்டியாகவே இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். பிளேட்டால் சீவ வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் ஆழமாகப் போனால் அந்த மாதமே போச்சு. தேய்த்தபின் வசிலினோ தேங்காய் எண்ணெயோ ஒரு துளி பூசிப் படுங்கள். ஆட்டத்துக்கு முந்திய இரவிலும் அன்று காலையிலும் எண்ணெய் வேண்டாம். தோல் மெத்தென்றாகி மறுபடி கிழியும்.

பிளந்துவிட்டால் கழுவி, உலர்த்தி, ஓரத்தில் எழும்பி நிற்கும் தோலை மட்டும் நகவெட்டியால் நறுக்கி, பகலில் மூடியும் இரவில் திறந்தும் விடுங்கள். கடைகளில் விற்கும் உடனடிப் பசையை ஊற்றி ஒட்டிக்கொண்டு வீசும் பழக்கம் பரவலாக உண்டு. அது தோலுக்கென்று செய்த பசை அல்ல. ஒட்டும்போது சூடேறும், உள்ளே அழுக்கிருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். புண்ணை ஒட்டுவதற்கான மருத்துவப் பசை வேறு. அது தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

கட்டுப்போட்டுக்கொண்டு வீசலாமா என்பது அடுத்த கேள்வி. பந்து வீசும் கையில் பிளாஸ்டரோ களிம்போ போட வேண்டுமென்றால் முதலில் நடுவரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலும் விடமாட்டார்கள். 2023 பெப்ரவரியில் நாக்பூர் டெஸ்டில் இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ரவீந்திர ஜடேஜா வீங்கிய சுட்டுவிரலுக்கு நடுவரிடம் சொல்லாமல் களிம்பு பூசினார்; பந்தில் எதுவும் செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டபின்னும் ஆட்டக் கட்டணத்தில் 25 வீதம் தண்டமும் ஒரு குறைப்புள்ளியும் கிடைத்தன. பாடசாலைப் போட்டியில் தண்டம் இராது, ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் செய்தால் சண்டை வரும்.

வயல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பிளந்த விரலோடு சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி சேற்றுநீரிலிருந்து இப்படியான வெடிப்பு வழியாக உடலுக்குள் போகிறது. இறங்காமல் முடியாதென்றால் புண்ணை நீர் புகாதபடி மூடி, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள். அதன்பின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், வயலில் இறங்கியதைச் சொல்லி வைத்தியசாலையில் காட்டுங்கள்.

இனிப் பிடி. சுண்ணத் தடம் நுனி மூட்டில் இல்லாமல் விரல் நுனியின் சதையில் விழுந்தால் பந்து மிக வெளியே நிற்கிறது; சுழற்றும்போது வழுக்கி, தோலை இழுத்துக்கொண்டு போகும். பந்தை அரை சென்ரிமீற்றர் உள்ளே எடுங்கள். தடம் நடு மூட்டுவரை நீண்டால் ஆழம் அதிகம். சுழற்சியும் குறையும், உரசும் பரப்பும் கூடும். பெருவிரலிலும் தடித்த தடம் இருந்தால் அதுவும் பாரம் தாங்குகிறது. இந்தப் பிடியில் பெருவிரலுக்கு வேலையில்லை. பந்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

தோல் நன்றாக இருக்கிறது, விரல் மூட்டு நோகிறது

சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், அடிமூட்டுப் பக்கம் நோ வந்தால் விரல்களை அளவுக்கு மீறி விரிக்கிறார்கள். தொலைக்காட்சியில் பெரிய கைகளைப் பார்த்துவிட்டுச் சின்னக் கைகள் அப்படி விரிக்கின்றன. மேசையில் கையை வைத்து, நோகாமல் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவும் விரித்து, இரண்டு நுனிகளுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். பந்தைப் பிடிக்கும்போது இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ கூடவோ இருந்தால் விரிப்பைக் குறையுங்கள். சுழற்சி கொஞ்சம் குறையும். வளரும் கை அதைப் பிறகு மீட்டுக்கொள்ளும்; இழுபட்ட இணைப்புத் தசைநார் அப்படி லேசில் மீளாது.

லெக் ஸ்பின் வீசுபவரின் மோதிரவிரல்

இங்கே பாரம் முழுதும் மோதிரவிரலில். அது மடங்கித் தையலோடு கிடக்கும். நடுவிரலைப் பார்த்த பக்கம் தேயும். தோல் வேலைகள் எல்லாம் சுட்டுவிரலுக்குச் சொன்னவையே. ஆனால் மோதிரவிரலின் நடு மூட்டு வீங்கினால் அதைத் தோல் புண்போல எண்ண வேண்டாம். அவுஸ்திரேலியாவின் பெயர்பெற்ற லெக் ஸ்பின் வீச்சாளர் ஷேன் வோர்னுக்கே 1996இல் சுழற்றும் விரலில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வந்தது.

வீக்கம் அடுத்த நாள் காலையிலும் இருந்தால் வீசுவதை நிறுத்துங்கள். பயிற்சியில் கூக்ளி (லெக் ஸ்பின் போலத் தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) எவ்வளவு கலந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மணிக்கட்டை அவ்வளவு திருப்பி விடும்போது விரல் முறுகும். திரும்பி வரும்போது முதல் நாள் பன்னிரண்டு பந்துகள், பழைய பந்தில், பாதி வேகத்தில். மறுநாள் காலையில் புதிய நோவோ வீக்கமோ இல்லையென்றால் ஒரு நாள் விட்டு இருபத்துநான்கு. இப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டுங்கள். நோ வந்தால் முந்திய எண்ணிக்கைக்குத் திரும்புங்கள்.

நடுவிரல் நகம் நோகிறது, கரம் பந்து பழகுகிறார்

2008 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் அஜந்த மெண்டிஸ் 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த நாளிலிருந்து இந்தப் பந்து நம் தெருவெங்கும் இருக்கிறது. மடக்கிய நடுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் பந்தை வைத்து, கரம் பலகையில் காயைச் சுண்டுவதுபோலச் சுண்டுவது. மென்பந்தில் இலகு, கடினபந்தில் அந்த நிறை முழுதும் நடுவிரலின் நகத்திலும் நுனி மூட்டிலும் ஏறுகிறது. நகத்தை நேராக, ஒரு மில்லிமீற்றர் மட்டும் மிஞ்சும்படி வெட்டுங்கள். பந்து நகத்தில் முட்டாமல் நகத்துக்குப் பக்கத்துத் தோலில் இருக்கட்டும். ஒரு பயிற்சியில் ஒன்றிரண்டு ஓவருக்கு மேல் வேண்டாம்.

பெருவிரலின் ஓரம் உரிகிறது

வேகப்பந்துப் பிடியில் பெருவிரலின் சதை தட்டையாகத் தையல்மேல் படலாம், ஓரமும் படலாம். இரண்டும் பிழையில்லை. ஓரத்தால் பிடிப்பவருக்கு நகத்தின் மூலை கூராக இருந்தால் உரியும், அவ்வளவுதான். நகத்தை அராவுங்கள்.

பந்து கையை விட்டு வழுக்குகிறது

வாவிக்கரைப் புழுக்கத்தில் கை வியர்ப்பது நிற்காது. வழுக்கும் கை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்த கை கொப்புளம் கொள்ளும். ஆகவே வழுக்கலைத் தோல் புண்ணின் முதல் காரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து, ஓவருக்கு நடுவில் தலைமயிரைக் கோதுகிறவர்கள் ஏராளம். அந்த எண்ணெய் நேரே விரலுக்கும் பந்துக்கும் போகிறது. வெயில் களிம்பும் அப்படித்தான். களிம்பைப் புறங்கையால் தேய்த்துக்கொள்ளுங்கள், பிறகு கையைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். இரண்டு சிறு துவாய் வையுங்கள்: ஒன்று காற்சட்டையில், மற்றது எல்லைக்கோட்டுக்கு வெளியே காயட்டும். ஈரமான பந்தை நடுவர் சம்மதித்த துணியால் துடைக்கலாம்.

விரலை நாக்கில் நனைத்துப் பிடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2022 ஒக்டோபரிலிருந்து பந்தில் எச்சில் படுவதைச் சட்டம் தடுக்கிறது. அதோடு அடிக்கடி நனையும் நுனித்தோல் ஊறி எளிதில் கொப்புளிக்கும்.

சீமெந்துத் தளத்தில் விரிப்புப் போட்டு ஆடும் மைதானங்களில் பந்து சீக்கிரமே சொரசொரப்பாகித் தையல் நூலும் பிசிராகும். வெட்டுப்பட்ட நூல்முனை விரலைக் கீறும். பயிற்சிப் பந்தென்றால் நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள். ஆட்டத்தில் அப்படிச் செய்தால் பந்தைச் சேதப்படுத்திய குற்றம்; நடுவரிடம் காட்டுங்கள்.

முழங்கையின் உட்பக்கமும் முன்கையும் இறுகி நோகின்றன

பிடி இறுக்கமே பெரும்பாலும் காரணம். இழுத்துப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். பந்தில்லாமல் கையைத் தளர்த்திச் சுழற்றும்போதும் நோ இருந்தால் அது பிடியால் வந்ததல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டியது.

வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

விரல் மரத்துப்போனால் முதலில் சுற்றிக் கட்டியிருக்கும் பிளாஸ்டரை அவிழுங்கள். இறுக்கிய கட்டு அடிக்கடி இதைச் செய்யும். அவிழ்த்து சில நிமிடத்தில் சரியானால் அடுத்தமுறை தளர்த்திக் கட்டுங்கள். சரியாகாவிட்டாலும், வீசும் விரல் மட்டும் வெளிறியோ நீலமாகவோ குளிர்ந்தோ போனாலும் இரத்தோட்டத்தைப் பார்க்க வேண்டும். சுடுநீரில் வைத்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

புண்ணைச் சுற்றிச் சூடு, சீழ், கையில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போங்கள். ஏற்பூசி (ரெட்டனஸ் தடுப்பூசி) போட்டது எப்போது என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

நேரே திரும்பி வந்த பந்தைப் பிடிக்கப்போய் விரல் நுனியில் அடிபட்டு, நுனி மூட்டு கீழே தொங்குகிறது, சொந்தப் பலத்தால் நிமிர்த்த முடியவில்லை என்றால், அது நரம்பு பிசகியதல்ல. விரலை நிமிர்த்தும் தசைநார் அறுந்திருக்கலாம், எலும்பும் பெயர்ந்திருக்கலாம். யாரையும் இழுத்துவிட அனுமதிக்க வேண்டாம். நுனியை நேராக நிறுத்தி, ஐஸ் தடியின் மரத்துண்டொன்றை அணைத்துக் கட்டி, எக்ஸ்றே எடுக்கும் வசதியுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். வழமையாக ஆறு முதல் எட்டு வாரங்கள் இரவும் பகலும் சிம்பு (விரலை நேராக நிறுத்தும் பட்டை) போட்டிருக்க வேண்டும். கழுவுவதற்குக் கழற்றும்போதும் விரலை மேசைமேல் நேராக வைத்தே கழற்ற வேண்டும். இடையில் ஒருமுறை நுனி தொங்கிவிட்டால் எண்ணிக்கை முதல் நாளிலிருந்து தொடங்கும்.